எட்டுப் பக்கத்தில் அடங்காத வரி

1

அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி ஒருவன் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து மணிக்குள் அதைக் கம்பெனி ஆபீசில் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி இரண்டேகால். நான் கடிதத்தை எழுதவில்லை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு அது தெரியாது. பேனா ஓடுவதைப் பார்த்துவிட்டு, காரியம் நடக்கிறது என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான். கனவில் வந்தது, கடற்கரையில் தோன்றியது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

அவன் பெயர் பென்னி. (என்னைவிடப் பதினாறு வயது சின்னவன். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நேரில் தம்பி என்பேன்.) எர்ணாவூரில் வீடு. மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர், ஒப்பந்தத் தொழிலாளி. பதினெட்டு நாளைக்கு முன்னால் ஓடாமல் நின்றிருந்த பம்பில் கையை வைத்தான், அது ஓடிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. அந்தக் கை இருந்தால் கடிதத்தை அவனே எழுதியிருப்பான். அவன் காட்டிய பம்ப் ஹவுஸ் நோட்டில் அவன் எழுத்தைப் பார்த்திருக்கிறேன், அச்சு மாதிரி இருக்கும்.

கம்பெனி ஒரு மெமோ கொடுத்திருக்கிறது. கையேட்டில் சொன்னபடி நடக்காமல் கவனக்குறைவாக வேலை செய்ததால் விபத்து நேர்ந்தது, உன் கேட் பாஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கொடு. சுருக்கமாக இதுதான். கேட் பாஸ் போனால் வேலை போச்சு. இந்தப் பக்கத்தில் ஒரு கேட்டில் கவனக்குறைவு என்று பெயர் வாங்கினவனை அடுத்த கேட்டில் சேர்க்க மாட்டார்கள். விரலில்லாதவனை நிச்சயம் சேர்க்க மாட்டார்கள்.

அவனுடைய பிழைப்பு இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

தொடக்கம் அ: "சாம்பல் பூத்த இலைகளுக்கு நடுவே, கடல் காற்றின் உப்பில் கரைந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில்" [அழகாக வருகிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. விட்டுவிட்டேன்.]

தொடக்கம் ஆ: "ஐயா, தாங்கள் அனுப்பிய மெமோ கிடைக்கப் பெற்றேன். கீழே கையெழுத்திடும் நான், கையெழுத்திட விரல் இல்லாத" [கண்ணீர் வரவழைக்கும் வேலை. பென்னிக்குப் பிடிக்காது. நோட்டீஸ் ஒட்டிப் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது.]

தொடக்கம் இ: "சுவரில் ஒரு பெட்டி இருந்தது."

இந்த மூன்றாவது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். எழுதிவிட்டு வேண்டாமென்று நினைத்ததை எல்லாம் அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். பாணி என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். வெட்டப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏன் என்று ஆறாவது பகுதியில் சொல்கிறேன். அதுவரை தைரியம் இருக்க வேண்டும்.

3

சுவரில் ஒரு பெட்டி இருந்தது. கரண்ட் மீட்டர் பெட்டி அளவுக்குப் பிளாஸ்டிக்கில் செய்தது. முகப்பில் ஆன், ஆஃப் என்று திருப்பி வைக்க ஒரு திருகு. எந்தெந்த நேரத்தில் எந்தெந்த வரிசை மரங்களுக்குத் தண்ணீர் என்று ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும், வால்வுகளைத் தானே திறக்கும், தானே மூடும். தொழிற்சாலை என்றால் சுற்றிலும் மரம் வைத்திருக்க வேண்டும் இல்லையா, அந்த கிரீன் பெல்ட்டுக்காக வாங்கினது. வேம்பு, புங்கை, அரளி. தண்ணீர் வேருக்கு என்றா நினைக்கிறீர்கள்? பாதி வேருக்கு. மீதி, அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் இலை மேல் படிந்த சாம்பலைக் கழுவுவதற்கு.

பெட்டி தனியாக வராது. கூடவே துணைக்கருவிகள் மூன்று. முதலாவது மழை சென்சார். மழை பெய்தால் நனைந்து உப்பி, இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பெட்டிக்குச் சொல்லும். (எண்ணூர் காற்றில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சாம்பலும் உப்பீரமும் அப்பிக்கொண்டு, சித்திரை வெயிலிலும் மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மரம் வாடுகிறதென்று பென்னிதான் கண்டுபிடித்துச் சொன்னான். இது கதைக்குத் தேவையில்லை. ஆனாலும் இருக்கட்டும், அவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும்.)

இரண்டாவது பம்ப் ரிலே. தண்ணீர் விடும் நேரத்தில் பம்பை ஓட விடுவது அதுதான். மூன்றாவது ரிமோட். அதில் இரண்டு பாகம் உண்டு. கையில் வைத்து அழுத்துவது ஒன்று, பெட்டியின் அடியில் செருகி வைக்கும் ரிசீவர் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்தால்தான் ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்கும். புதிதாக வரும்போது எல்லாமே ஒன்றாம் நம்பரில்தான் வரும். பொருத்துகிறவர் இடத்துக்கு இடம் நம்பரை மாற்ற வேண்டும்.

இந்தப் பக்கம் ஏழு கம்பெனிகளில் இந்தப் பெட்டியைப் பொருத்தியவர் ராயபுரத்துக்காரர் சௌக்கத் அலி. அவர் மாற்றவில்லை.

4

"ஏழு கம்பெனிக்கு ஏழு ரிமோட்ட யாருக்கா தூக்கினு திரியறது" என்றார், நேற்று பென்னி போனில் விஷயத்தைச் சொன்னதும் நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது. எல்லாவற்றையும் ஒன்றாம் நம்பரிலேயே விட்டுவிட்டால் ஸ்கூட்டர் டப்பாவில் ஒரே ரிமோட் போதும். எந்தக் கேட்டுக்குள் போனாலும் அதே ரிமோட்டை அழுத்திப் பார்த்துவிட்டு வரலாம். ஆறு வருஷமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிகள் தள்ளித் தள்ளி இருந்தன.

பதினெட்டு நாளைக்கு முன்னால் பென்னியின் கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டில் புதிதாக ஒரு பெட்டி பொருத்தினார். நடுவில் ஒரு சுவர்தான். பகல் பதினோரு மணிக்கு அங்கிருந்த சூப்பர்வைசருக்குக் காட்டுவதற்காக ரிமோட்டை அழுத்தினார். அவர் பக்கம் ஸ்பிரிங்ளர் பீய்ச்சியடித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பென்னியின் பம்பும் ஓடியது.

பம்பின் தண்டில் காற்றில் பறந்து வந்த சாக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தது. பென்னி அதை எடுக்கப் போனான். மெயினை இறக்க வேண்டுமென்றால் பர்மிட் எழுதி, கையெழுத்து வாங்கி, அரை நாள் போய்விடும். ஆணியில் தொங்கிய தமிழ்க் கையேட்டை எடுத்துப் பார்த்தான். திருகை ஆஃப் நிலைக்குக் கொண்டு வந்தால் பெட்டியின் எல்லா இயக்கமும் நிற்கும் என்று போட்டிருந்தது. திருகை ஆஃபில் வைத்தான். பம்ப் ஓடவில்லை என்பதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். அப்புறம்தான் கையை வைத்தான்.

திருகு ஆஃபில் இருந்தாலும் ரிமோட் சொன்னால் பெட்டி கேட்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது.

5

இந்த இடத்தில் சௌக்கத் அலியைக் கெட்டவராக்கிவிடலாம் என்று பார்த்தேன். கதைக்கு வசதி. [சோம்பல்பட்ட மனிதர். வாயில் எப்போதும் பான். அடுத்தவன் உயிர் அவருக்கு] இதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் ஒன்றும் உண்மையில்லை. அவருக்குப் பான் பழக்கமே கிடையாது.

உண்மை இது. அலறல் கேட்டதும் சுவர் ஏறிக் குதித்தவர் அவர்தான். தன் சட்டையைக் கழற்றிப் பென்னியின் கையில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி, கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே கத்தி வழி கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவர்தான். தையல் போட்டு வெளியே கொண்டு வந்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார், நான் அங்கே அழுத்தினேன், அதான் இங்கே ஓடியது, என் ரிமோட்தான் என்று. மறுநாள் ஏழு கம்பெனிக்கும் போய் ஏழு நம்பர் மாற்றிவிட்டு வந்தார். கம்பெனியில் வந்து சொல்லவும் தயாராக இருந்தார். பென்னிதான் வேண்டாம் என்றுவிட்டான்.

இன்றைக்கு வந்து உட்கார்ந்ததும் அவன் முதலில் சொன்னதே அதுதான். "சௌக்கத் பாய் பேர எழுதாதக்கா. அவரு வேணும்னா பண்ணாரு? எதால ஓடிச்சுன்னு கம்பேனி கேக்கவேல்ல. புக்குல போட்டத ஏன் செய்யலன்னுதான் கேக்கறாங்க."

சரியாகத்தான் சொன்னான். மெமோவில் அப்படித்தான் இருக்கிறது. பம்ப் எதனால் ஓடியிருந்தாலும், ரிசீவரைக் கழற்றாமல் கையை வைத்தது உன் தவறு. கையேட்டைப் படித்தேன், புரிந்துகொண்டேன் என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இதோ அதன் நகல்.

ஆக, இந்தக் கதையில் தப்பு செய்த ஒருவர் தப்பைச் சொல்லிவிட்டார். அடி வாங்கினவன் அவரை மன்னித்தும்விட்டான். எஞ்சியிருப்பது யார் என்று இனிமேல் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

(பென்னி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். நான் ஐந்தாவது தாளை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இம்மாம் பெருசாவா போவும்?" என்றான். ஆமாம் தம்பி, கொஞ்சம் விவரமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை.)

6

என் பெயர் சீனியம்மாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்து முப்பத்திரண்டு வருஷம். கதை எழுதுகிறவள் என்று நானே சொல்லிக்கொள்வேன். வயிற்றுப்பாட்டுக்கு எழுதுவது கையேடுகள். கிரைண்டர், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் என்று உங்கள் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கும் தமிழ்க் கையேடுகளில் சில என்னுடையவை. யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். படிக்காத ஒன்றை எழுதிக்கொண்டே இருப்பது மனிதரை எப்படிச் சோர்வாக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

தோட்டத்துப் பெட்டியின் தமிழ்க் கையேட்டையும் எழுதியது நான்தான். வண்ணாரப்பேட்டையில் பம்ப், பைப் மொத்த வியாபாரம் செய்யும் ஞானதுரை அண்ணாச்சி கொடுத்த வேலை. இங்கிலீஷில் நாற்பத்து நான்கு பக்கம். அண்ணாச்சி கணக்கில் எந்தக் கையேடும் ஒரே தாள்தான், மடித்தால் எட்டுப் பக்கம். ஒன்பதாவது பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீ நல்லா எழுதுறவ, சுண்டக் காய்ச்சித் தா தாயி என்பார். எனக்கும் அதில் பெருமைதான். ஒன்றைச் சுருக்கச் சொன்னால் போதும், கொம்பு முளைத்துவிடும்.

அந்த எச்சரிக்கை இங்கிலீஷில் மூன்று இடத்தில் வந்தது. மழை சென்சார் பக்கத்தில், பம்ப் ரிலே பக்கத்தில், ரிமோட் பக்கத்தில். ஒரே வாக்கியம். கூறியது கூறல் குற்றம் என்று படித்தவள் இல்லையா நான்? முதல் இடத்தில் வெட்டினேன், பின்னால் வருகிறதே என்று. இரண்டாவது இடத்தில் வெட்டினேன், ரிமோட் பக்கத்தில்தான் அது பொருத்தம் என்று. ரிமோட் பக்கத்துக்கு வந்தபோது படம் பெரிதாகிவிட்டது, மூன்று வரி குறைக்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே ரிலே பக்கத்தில் சொல்லியாச்சே என்று வெட்டினேன்.

ஒவ்வொரு தடவையும் இன்னொரு இடத்தில் இருக்கிறது என்று நம்பித்தான் வெட்டினேன். இது யாருக்கும் தெரியாது. கையேட்டில் என் பெயர் கிடையாது. பென்னிக்கும் தெரியாது. மனு, கடிதம் எழுதித் தருகிற அக்கா என்றுதான் என்னிடம் வந்திருக்கிறான்.

வரும்போது கையேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தேன். எட்டுப் பக்கமும் பென்சிலில் அடிக்கோடு. ஒரு வரி பாக்கியில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒன்றை இவ்வளவு கவனமாகப் படித்த ஆளை நான் பார்த்ததில்லை. கதையானாலும் சரி, கையேடானாலும் சரி.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லா எழுதிக்கிறாங்கக்கா, எனுக்கே புரிஞ்சுது. போட்ட மாரியேதான் செஞ்சேன். எங்கியோ ஒரு வரிய வுட்டுகீறேன் போல. நாலு நாளா தேடிகினுகீறேன், கெடைக்கல. நீ படிச்சவ, பாத்துச் சொல்லு. அத வுட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு எழுதிடலாம்."

நான் எட்டுப் பக்கத்தையும் அவன் கண் முன்னால் நான்கு தடவை புரட்டினேன். தேடுகிற மாதிரி நடித்தேன். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் இதுவரை செய்ததில்லை.

7

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

முதல் முடிவு அவன் கேட்டதுதான். "கையேட்டைக் கவனமாகப் படிக்காதது என் தவறு, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று பென்னி நினைக்கிறான். இந்த மாதிரி நாற்பது கடிதமாவது எழுதியிருப்பேன், எனக்குத் தெரியும். தப்பை ஒப்புக்கொண்டவனிடம் மேற்கொண்டு என்ன விசாரணை? ஃபைலில் கோத்துவிட்டுக் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவன் மனைவி சுஜா கேட்டால், நான்தான்மா ஒரு வரியை விட்டுட்டேன் என்பான். சாகிற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.

இரண்டாவது முடிவு, கையேட்டைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்தது என்று எழுதிவிடுவது. பென்னிக்கு நான் கடிதம் எழுதப் போவதை நேற்று ஞானதுரை அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன், இன்று காலையில் போன் பண்ணினார். புத்தகத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை வரக் கூடாது, வந்தே தீரும் என்றால் மெஷின் செய்தது என்று போட்டுவிடு, இப்போதெல்லாம் அப்படித்தானே நடக்கிறது என்றார். அடுத்த கையேடு மேஜையில் இருக்கிறது என்பதையும் கோபமில்லாமல் சொன்னார். நல்ல முடிவு. எல்லோரும் நம்புவார்கள். மெஷினுக்கு முகமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. போனை வைத்த பிறகு இரண்டு மணி நேரம் இதை நான் தீவிரமாக யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது முடிவில் மொழிபெயர்ப்பாளர் எழுந்து நிற்கிறார். "குற்றம் என்னுடையது" என்று கையெழுத்திட்டு, ஆட்டோ பிடித்து, தொழிற்சாலை கேட்டுக்குள் நிமிர்ந்த தலையோடு [போதும். எழுதும்போதே கூசுகிறது. விரல் போனது அவனுக்கு, கைதட்டல் எனக்கா?] அதோடு, நிஜத்தில் அங்கே என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷ்தான் செல்லும், தமிழ் எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அவனிடம் கையெழுத்து வாங்கினது தமிழ்க் கையேட்டின் பேரில்தான். அந்த ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டால் அவர்கள் யோசித்தாக வேண்டும். அதற்கு அந்த வரி கையேட்டில் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். அதை எடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். வேலை போகும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? பயமாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்று எழுதினால் மூன்றாவது முடிவு ஆகிவிடும்.

எந்த முடிவையும் நான் எடுக்கப் போவதில்லை. எடுக்க எனக்கு உரிமையில்லை என்பது ஏழு தாள் எழுதிய பிறகுதான் தெரிகிறது. இந்தத் தடவை எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் முடிவு செய்தால் மறுபடியும் அதே காரியம்தான்.

8

மணி மூன்றே முக்கால். கம்பெனிக்கு இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்.

முடிஞ்சதாக்கா என்று கேட்கிறான். முடிந்தது என்று தலையாட்டினேன். படித்துக் காட்டச் சொல்கிறான். என்னால் முடியாது. தாள்களுக்கு வரிசையாக நம்பர் போட்டு அவன் இடது கையில் கொடுக்கப் போகிறேன். கடிதத்துக்காக வைத்திருந்த வெள்ளைத் தாள் என் பக்கம் இருக்கும்.

இதுவரை நீங்கள் நீங்கள் என்று யார் யாரையோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் அப்புறம் படிக்கட்டும். முதலில் படிக்க வேண்டியவன் ஒருவன்தான்.

பென்னி, இது நீ கேட்ட கடிதம் இல்லை. நாலு நாளாக நீ தேடின வரி இது: "திருகு ஆஃப் நிலையில் இருந்தாலும் ரிமோட் மூலம் பம்ப் இயங்கும், பழுது பார்க்கும் முன் ரிசீவரைக் கழற்றிவிடவும்." இதை நீ விடவில்லை தம்பி. உன் புத்தகத்தில் இது இல்லவே இல்லை. நான்தான் எடுத்தேன்.

திட்டணும்னா திட்டு. ஆனால் நேரமாகுது. கடிதத்தில் என்ன எழுதணும், யார் பேரை எழுதணும்னு நீ சொல்லு. சொல்லச் சொல்ல எழுதறேன். ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.